பட்டா இல்லாத பரண்

அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்தில் நவம்பர் மாதத்தில் கல்யாணம் வைப்பவர்கள் காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் தேதி குறிக்கிறார்கள். ராகு காலம், எமகண்டம் பார்ப்பதற்காக அல்ல. மான் சீசன் குறுக்கே வருகிறதா என்று பார்ப்பதற்காக! நவம்பரில் நான்காவது வியாழக்கிழமை அவர்களுக்கு நன்றி கூறும் திருநாள். அதற்கு முந்திய சனிக்கிழமை விடியற்காலையில் துப்பாக்கி வேட்டை தொடங்குகிறது. ஒன்பது நாள் நடக்கிறது. அந்த ஒன்பது நாளில் கல்யாணம் வைத்தால் பிள்ளை வீட்டாரில் பாதிப் பேர் காட்டில் இருப்பார்கள். பெண் வீட்டாரில் மீதிப் பேர் காட்டில் இருப்பார்கள். பாதிரியார் வருவாரா என்பதும் சந்தேகம்.

விஸ்கான்ஸின், பரப்பில் நம் தமிழ்நாட்டைவிடச் சற்றுப் பெரியது. ஜனத்தொகையோ சுமார் 59 லட்சம்தான். அதில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் மான் வேட்டைக்கு லைசென்ஸ் வாங்குகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் மில்வாக்கியிலிருந்தும் மாடிஸனிலிருந்தும் வடக்கே போகும் சாலைகளைப் பார்க்க வேண்டும்! தைப்பூசத்துக்குப் பழனிக்குப் போகும் கூட்டம் போல, வண்டிக்குப் பின் வண்டி. அப்பன், பிள்ளை, பேரன், சில வண்டிகளில் பெண்களும் துப்பாக்கியுடன். எல்லாருடைய உடம்பிலும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு வர்ணச் சட்டை.

நம் நாட்டில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மானைச் சுடுவது சிறைக்குப் போகும் வழி. அங்கே கதை வேறு. வெள்ளைவால் மான்கள் பதினைந்து லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. பயிரை மேய்கின்றன, இளங்கன்றுகளைக் கடித்துக் காட்டையே வளர விடாமல் செய்கின்றன, இரவில் மோட்டார்களின் குறுக்கே பாய்கின்றன. எனவே வருஷா வருஷம் ஒரு கணக்கு வைத்துக் குறைக்கிறது சர்க்கார். சுட்டவர் அந்த மாமிசத்தை வீட்டுக்குக் கொண்டு போய்க் குளிர்காலம் முழுதும் சாப்பிடுகிறார். வேட்டை நல்லதா, பாவமா என்பது வாசகர்கள் அவரவர் அபிப்பிராயம். நான் இங்கே சொல்ல வந்தது வேறொன்று. துப்பாக்கி ஏந்திய லட்சக்கணக்கான பேர், முன்பின் தெரியாதவர்கள், ஒரே காட்டுக்குள் இருட்டில் நுழைகிறார்களே, அவர்கள் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் அது.

யாருடைய காடு?

நம் ஊரில் புறம்போக்கு என்று ஒரு சொல் உண்டு. யாருக்கும் பட்டா இல்லாத நிலம். அமெரிக்காவிலும் அப்படிப்பட்ட பொது நிலம் ஏராளம். விஸ்கான்ஸின் வடக்கே ஷுவாமிகன்-நிக்கொலே தேசியக் காடு என்று ஒன்று இருக்கிறது. பெயரை எழுதுவது ஒரு விதம், உச்சரிப்பது ஒரு விதம். உள்ளூர்க்காரர்கள் திருத்தித் திருத்திச் சொல்லித் தருகிறார்கள். அது மட்டும் சுமார் 15 லட்சம் ஏக்கர். இது தவிர மாவட்டக் காடுகள் என்ற வகையில் 24 லட்சம் ஏக்கர் அளவுக்கு இருக்கிறது. லைசென்ஸும் துப்பாக்கியும் உள்ள எவரும் இங்கே வேட்டையாடலாம். காவலாளியிடம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பண்ணையாரிடம் அநுமதி கேட்க வேண்டியதில்லை.

இந்த உரிமையை அவர்கள் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. பழைய இங்கிலாந்தில் ராஜாவின் காட்டில் ராஜாவின் மானைக் குடியானவன் தொட்டால் கடுந்தண்டனை. ராபின் ஹூட் கதை படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்டைவிட்டுக் கடல் தாண்டி வந்தவர்கள், 'இங்கே மான் ராஜாவுக்குச் சொந்தமல்ல, ஜனங்கள் எல்லாருக்கும் சொந்தம்' என்று வைத்துக்கொண்டார்கள். 2003-ல் விஸ்கான்ஸின் ஜனங்கள் வோட்டுப் போட்டு, வேட்டையாடும் உரிமையைத் தங்கள் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

அவர்களுக்கும் முன்னால் அந்தக் காடு ஒஜிப்வே என்ற பழங்குடி மக்களுடையது. 1837-லும் 1842-லும் உடன்படிக்கை செய்து நிலத்தைக் கொடுத்தபோதும், அதில் வேட்டையாடும் உரிமையை அவர்கள் கைவிடவில்லை. 1983-ல் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. ஆக, ஒரே காட்டுக்கு உரிமைக்காரர்கள் பல பேர்.

சொந்தக்காரன் இருக்கும் தோட்டத்தில் தகராறு வந்தால் சொந்தக்காரன் தீர்த்து வைப்பான். எல்லாருக்கும் சொந்தமான இடத்தில் யார் தீர்ப்பது? வேட்டை அதிகாரிகள் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் அதிகாரியை நிறுத்த முடியுமா? அங்கேதான் எழுதாத சட்டம் ஒன்று வேலை செய்கிறது. மரியாதை என்று அதற்குப் பெயர்.

முதலில் வந்தவன் முதலாளி

எழுதாத சட்டத்தின் முதல் விதி, காட்டுக்குள் நுழைவதற்கு முன்பே, சாலையோரத்திலேயே தொடங்கிவிடுகிறது. மரம் வெட்டும் லாரிகள் போன பழைய மண்பாதைகள் பல காட்டுக்குள் பிரிகின்றன. விடியற்காலை நாலரை மணிக்கு ஒருவர் தமக்குப் பிடித்த பாதையின் முகப்புக்கு வருகிறார். ஏற்கெனவே ஒரு வண்டி அங்கே நிற்கிறது. என்ன செய்ய வேண்டும்? மறு பேச்சு இல்லை. அடுத்த பாதைக்குப் போய்விட வேண்டும். பத்து வருஷமாக அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தாலும் சரி, அவருடைய தாத்தா அங்கே பெரிய கலைமானைச் சுட்டிருந்தாலும் சரி. இன்று முதலில் வந்தவருக்கே அந்த இடம்.

வடக்கே ஒரு சிற்றூரில் நான் தங்கியிருந்த விடுதிக்காரர் அறுபது வருஷமாக வேட்டைக்குப் போகிறவர். அவரிடம், "வேறு இடம் கிடைக்காவிட்டால்?" என்று கேட்டேன்.

"அதற்காகத்தான் மூன்று இடம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்" என்றார். "ஒரே இடத்தை நம்பிப் பொதுக் காட்டுக்கு வருகிறவன் சண்டைக்கென்றே வருகிறவன்."

இது வெறும் பெருந்தன்மை அல்ல; இதற்குக் காரணம் மானின் மூக்கில் இருக்கிறது. வெள்ளைவால் மானுக்கு மோப்ப சக்தி அபாரம். விடியும் வேளையிலும் அந்தி வேளையிலும்தான் அது அதிகமாக நடமாடும். எனவே வேட்டைக்காரர் இருட்டோடு இருட்டாகப் போய், காற்று எதிர்முகமாக வீசும் இடம் பார்த்து, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறார். பனி காலைக் கடிக்கிறது. இருமல் வந்தாலும் விழுங்கிக்கொள்கிறார். அப்படி மூன்று மணி நேரம் தவம் கிடந்த பிறகு ஒரு புண்ணியவான் சீட்டியடித்துக்கொண்டு குறுக்கே நடந்து போனால் எப்படி இருக்கும்? அன்றைய வேட்டை அதோடு சரி. அதனால்தான், முதல் சில மணி நேரம் யாரும் அநாவசியமாக நடமாடுவதில்லை. தாமதமாக வந்தவர் மற்றவர்களைச் சுற்றிக்கொண்டு ஓரமாகப் போக வேண்டும்.

இருட்டில் எதிரெதிரே வந்துவிட்டால்? முதலில் உட்கார்ந்திருப்பவர் டார்ச் விளக்கை இரண்டு முறை மினுக்குகிறார். வந்தவர் தம் விளக்கையும் மினுக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார். ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. இரண்டு மின்மினிகள் சந்தித்துப் பிரிந்தது போல இருக்கும்! பகலில் ஒருவர் நம் பக்கம் வருவது தெரிந்தால் கையை ஆட்டக் கூடாது. அசைவதை மான் என்று நினைத்துவிட்டால் ஆபத்து. உரக்கக் குரல் கொடுக்க வேண்டும். மான் ஓடினால் ஓடட்டும்.

வேடிக்கை என்னவென்றால், மற்றவர்களால் நஷ்டம் மட்டும் இல்லை, லாபமும் உண்டு. பத்து மணிக்குமேல் குளிர் தாங்காமல் பலர் எழுந்து காப்பி குடிக்கப் போகிறார்கள். அந்தச் சந்தடியில் மான்கள் கலைந்து ஓடுகின்றன. யார் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் முன்னால் போய் நிற்கின்றன. பொதுக் காட்டில் பழகியவர்கள் மத்தியானச் சாப்பாட்டை மடியில் கட்டிக்கொண்டு வருவதன் ரகசியம் இதுதான்.

ஏணிக்கு உரிமை உண்டா?

மரத்தின் மேல் பரண் கட்டி உட்காருவது அங்கே சாதாரண வழக்கம். இப்போது இரும்பிலும் அலுமினியத்திலும் கழற்றி மாட்டும் பரண்களே விற்கின்றன. இதில்தான் தகராறு அதிகம். ஒருவர் செப்டம்பரிலேயே வந்து நல்ல மரத்தில் பரண் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். சீசன் அன்று வேறொருவர் அதில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். யார் பக்கம் நியாயம்?

பரண் அவருடையது, மரம் ஊருடையது. ரெயிலில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் வித்தை நமக்குத் தெரியாததா? அதே கதைதான்! பொது நிலத்தில் பரண் மாட்டியதால் அந்த இடத்துக்குப் பட்டா கிடைத்துவிடாது. மாநில இலாகாவின் நிலங்களில் பரணை அன்றாடம் இறக்கி எடுத்துப் போக வேண்டும் என்பதே பொது விதி. 64-ஆம் எண் நெடுஞ்சாலைக்கு வடக்கே மட்டும் செப்டம்பர் முதல் ஜனவரி முடிய விட்டுவைக்கலாம். அதிலும் உரியவரின் அடையாளம் தெரியும்படி எழுதியிருக்க வேண்டும். மரத்தில் ஆணி அடித்துக் காயப்படுத்தக் கூடாது.

சட்டம் இவ்வளவோடு நின்றுவிடுகிறது. மரியாதை இன்னும் ஓர் அடி மேலே போகிறது. பிறர் மாட்டிய பரணில் ஏறாதே; ஏறியிருந்து உரியவர் வந்துவிட்டால் முனகாமல் இறங்கிவிடு. பரணுக்கு உரியவருக்கும் ஒரு மரியாதை உண்டு: அடுத்த மரத்தில் ஒருவர் முன்பே வந்து உட்கார்ந்திருந்தால், 'இது என் இடம்' என்று அதட்டாதே. இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடி விட்டுக்கொடுத்தால்தான் காடு எல்லாருக்கும் போதும்.

இப்போது புதிதாக ஒரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. கைபேசியிலேயே நிலப்படம் வந்துவிட்டது. எது பொது நிலம், எது தனியார் நிலம், எந்த ஓடையோரம் மான் தடம் இருக்கக்கூடும் என்று எல்லாம் தெரிகிறது. ஒருவருக்குத் தெரிவது எல்லாருக்கும் தெரிகிறது. அதனால் ஒரே மேட்டுக்கு நாலு பேர் வந்து சேருகிறார்கள். முன்பைவிட இப்போதுதான் மரியாதை அதிகம் தேவைப்படுகிறது என்றார் விடுதிக்காரர்.

அடிபட்ட மான் யாருக்கு?

ஒருவர் சுடுகிறார், மான் அடிபட்டு ஓடுகிறது, அரை மைல் தள்ளி இன்னொருவர் சுட்டு வீழ்த்துகிறார். மான் யாருக்கு? இந்தக் கேள்வி அமெரிக்காவில் கோர்ட்டு ஏறிய கதை சுவையானது. நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்டு கடற்கரையில், யாருக்கும் சொந்தமில்லாத வெற்று நிலத்தில், போஸ்ட் என்பவர் நாய்களுடன் ஒரு நரியைத் துரத்திக்கொண்டு போனார். பியர்ஸன் என்பவர் குறுக்கே புகுந்து நரியைக் கொன்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். 1805-ல் மாநில உயர் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியது: துரத்தினால் மட்டும் போதாது, பிடித்திருக்க வேண்டும், அல்லது தப்ப முடியாதபடி காயப்படுத்தியிருக்க வேண்டும். நரி பியர்ஸனுக்கே! இன்றும் அந்நாட்டுச் சட்டக் கல்லூரி மாணவர்கள் முதல் வருஷத்திலேயே இந்த நரியைப் படிக்கிறார்கள்.

அந்த வழக்கில் லிவிங்ஸ்டன் என்ற நீதிபதி மட்டும் மாறுபட்டார். இதைக் கோர்ட்டுக்குக் கொண்டு வந்ததே தவறு, வேட்டைக்காரர்களே கூடிப் பேசித் தீர்த்திருக்க வேண்டிய விஷயம் என்பது அவர் கருத்து. கோர்ட்டில் அவர் தோற்றாலும் காட்டில் அவர் சொன்னதுதான் இன்றும் நடக்கிறது. உயிர்நிலையில் முதல் அடி கொடுத்தவருக்கே மான் என்பது வழக்கம். முதல் குண்டு காலை மட்டும் உரசியிருந்தால், வீழ்த்தியவருக்கு. சந்தேகமாக இருந்தால்? பாதிப் பாதி. சில பெரியவர்கள், கூட வந்த சிறுவன் சுட்டதாக இருந்தால், வாதமே செய்யாமல் தொப்பியைத் தூக்கி வாழ்த்திவிட்டுப் போய்விடுகிறார்களாம். பையனுக்கு அது முதல் மான். பெரியவருக்கு அது நாற்பதாவது.

அடிபட்ட மானைத் தேடாமல் விடுவது மகாபாவம் என்று எண்ணுகிறார்கள். இரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். தடம் தனியார் நிலத்துக்குள் போனால் நிலத்துக்காரரின் அநுமதி கேட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். கொன்ற மானைத் தனியாக இழுத்துவர ஒருவரால் முடியாது. அப்போது முகம் தெரியாதவர் வந்து ஒரு கொம்பைப் பிடித்துக்கொள்கிறார். சாலை வரை இழுத்து விட்டுவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போய்விடுகிறார். தேவைக்குமேல் கிடைத்த மாமிசத்தை ஏழைகளின் உணவுச் சாலைகளுக்குக் கொடுக்க 2000-ஆம் வருஷத்திலிருந்து ஓர் ஏற்பாடும் நடந்து வருகிறது.

மரியாதை தவறினால்

இதெல்லாம் கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். சின்ன விஷயம் அல்ல என்பதை விஸ்கான்ஸின் மறக்கவில்லை.

2004 நவம்பர் 21. சீசனின் இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சாயர் மாவட்டத்தில் ஒரு தனியார் காட்டுப் பரணில் அந்நியர் ஒருவர் உட்கார்ந்திருப்பதை நிலத்துக்காரர்கள் கண்டார்கள். அவர் ஹ்மாங் இனத்தவர். லாவோஸ் நாட்டு மலைகளில் வாழ்ந்து, அமெரிக்காவின் பக்கம் நின்று போரிட்டு, 1975-க்குப் பிறகு அகதிகளாக வந்த மக்கள் இவர்கள். வேட்டை அவர்கள் இரத்தத்தில் ஊறியது. நிலத்துக்காரர் போகச் சொன்னார். அவர் பரணை விட்டு இறங்கி நடந்தார். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் மற்றவர்களும் வந்து சேர, வாய்ச்சண்டை முற்றியது. வெடிச்சத்தம் ஓய்ந்தபோது ஆறு பேர் இறந்திருந்தார்கள்; இரண்டு பேர் காயத்துடன் பிழைத்தார்கள். பொதுக் காடு என்று எண்ணி வழி தவறி வந்ததாகவும், தம் இனத்தைச் சொல்லி ஏசியதாகவும், முதலில் சுட்டது அவர்களே என்றும் அவர் கோர்ட்டில் சொன்னார். தாங்கள் முதலில் சுடவில்லை என்று பிழைத்தவர்கள் சாட்சி சொன்னார்கள். ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. 2005-ல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2007 ஜனவரியில், அதே மாநிலத்தில், பொது வேட்டை நிலத்தில் அணில் வேட்டைக்குப் போன ஹ்மாங் ஒருவரை மற்றொரு வேட்டைக்காரர் கொன்றார். அவரும் சிறைக்குப் போனார்.

எதற்காக இத்தனை உயிர்? ஒரு பரணுக்காக, யாருடைய இடம் என்ற வார்த்தைக்காக. கையில் துப்பாக்கி இருக்கும்போது சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் தோட்டாவின் கனம் இருக்கிறது. விடுதிக்காரர் அந்த வருஷத்தைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதற்குப் பிறகு நான் யாரையாவது காட்டில் பார்த்தால், முதலில் 'காலை வணக்கம்' என்றுதான் சொல்கிறேன். 'இங்கே உனக்கு என்ன வேலை' என்று கேட்பதை விட்டுவிட்டேன்" என்றார்.

மரியாதையைக் கற்பிக்க முடியும் என்பதற்கும் அந்த மாநிலமே சாட்சி. 1966-ல் அங்கே லட்சம் வேட்டைக்காரருக்கு 44 பேர் வீதம் காயமடைந்தார்கள். மறு வருஷம் பாதுகாப்பு வகுப்புகள் தொடங்கின. 1973 ஜனவரி முதல் தேதியன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் இந்த வகுப்பில் தேறாமல் லைசென்ஸ் வாங்க முடியாது. பாடம் நான்கே வரி: எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினை, குழாயை ஆபத்தில்லாத பக்கமே திருப்பு, குறியும் அதன் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று நிச்சயம் செய்துகொள், சுடும் கணம் வரை விசையில் விரல் வைக்காதே. 1980-லிருந்து ஆரஞ்சுச் சட்டை கட்டாயம். 2016-லிருந்து பளிச்சென்ற ரோஜா வர்ணமும் போடலாம். மனிதன் கண்ணுக்கு நெருப்பாகத் தெரியும் ஆரஞ்சு, மானின் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்ளவே இந்த வேஷம். இன்று விபத்துகள் ஒரு சீசனுக்கு விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்திருக்கின்றன.

விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் 1933 முதல் வனவிலங்குப் பேராசிரியராக இருந்த ஆல்டோ லியோபோல்டு, தாமும் வேட்டைக்காரர். மற்ற விளையாட்டுக்களைப் போல வேட்டைக்குக் கைதட்டவோ கண்டிக்கவோ கூட்டம் கிடையாது, வேட்டைக்காரன் தன் மனச்சாட்சிக்கே பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் போதித்த கருத்து. 1948-ல், அண்டை வீட்டாரின் நிலத்தில் பற்றிய புல் தீயை அணைக்கப் போன இடத்தில் அவர் உயிர் நீத்தார். அவர் சொன்னதற்கும் வாழ்ந்ததற்கும் வித்தியாசம் இல்லை.

பொதுச் சொத்து என்றால் 'யாருக்கும் இல்லாதது' என்று அர்த்தம் செய்துகொள்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. குளத்தங்கரையானாலும் ரெயில் பெட்டியானாலும் காடானாலும், எல்லாருக்கும் உரியது என்றால் எனக்குப் பின்னால் வருகிறவனுக்கும் உரியது என்றுதான் அர்த்தம். விடியுமுன் பனியில், தமக்குப் பிரியமான பாதையில் அந்நியர் வண்டி நிற்பதைக் கண்டு, சத்தமில்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறாரே ஒருவர், அவரை யாரும் பார்க்கவில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குக்கூட அவர் வந்து போனது தெரியாது. அப்படிப்பட்ட சில ஆயிரம் பேர் இருப்பதால்தான், லட்சம் துப்பாக்கிகள் நுழைந்த காட்டிலிருந்து லட்சம் பேரும் அநேகமாகப் பத்திரமாக வீடு திரும்பி, வியாழக்கிழமை விருந்தில் குடும்பத்தோடு உட்காருகிறார்கள்.